ஊசி போடாத டாக்டரம்மா

எங்கள் தொழிலில் நோயாளி வருவதற்கு முன்னால் ஒரு "ஓ" வரும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "டாக்டரா?" என்று ஆசையாகத் திரும்புவார். "எந்த டாக்டர்?" என்பார். ஹோமியோபதி என்றதும் "ஓ" என்று சொல்லிவிட்டுப் பாயசத்தைக் கவனிக்கப் போய்விடுவார். ஐந்தரை வருஷம் படித்தோம், கவுன்சிலில் பதிவு எண் வாங்கினோம், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்கூட மாட்டியிருக்கிறோம், ஆனாலும் அந்த "ஓ" மட்டும் விட்டபாடில்லை. அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன என் சக டாக்டர்களே, இது உங்களுக்காக.

சும்மா கிடைத்த ரூம்

படிப்பை முடித்துவிட்டு நான் முதலில் போனது கேளம்பாக்கத்தில் ஒரு மெடிக்கல் கோடிங் கம்பெனிக்கு. எங்கேயோ அமெரிக்காவில் ஒருவருக்கு வந்த வியாதிக்கு இங்கே உட்கார்ந்து எண் போடுகிற வேலை. சம்பளம் ஒழுங்காக வந்தது. ஆனால் மூன்று வருஷத்தில் ஒரு நோயாளியின் நாக்கைக்கூடப் பார்க்கவில்லை. இதற்கா அப்பா கொத்து வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார் என்று எனக்கே என் மேல் கோபம் வந்தது. அந்தச் சமயத்தில்தான் சதுரங்கப்பட்டினத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் ஏகாம்பரம் அண்ணன், தன் கடையை ஒட்டின ரூமை வாடகை இல்லாமல் தருகிறேன் என்றார்.

மெடிக்கல் ஷாப்காரர் டாக்டருக்குச் சும்மா ரூம் கொடுத்தால், டாக்டர் எழுதுகிற சீட்டெல்லாம் பக்கத்துக் கவுன்ட்டருக்கு வரவேண்டும் என்று அர்த்தம். நான் முதல் நாளே சொன்னேன்: "அண்ணே, என் மருந்தை நானே கையில் கொடுத்துவிடுவேன். இங்கிலீஷ் மருந்து எழுத மாட்டேன்." அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "ஜுரத்துக்கு ஒரு மாத்திர, சளிக்கு ஒரு டானிக்கு. யாரு வந்து கேக்கப்போறாங்க?" என்றார். சட்டத்தை இந்த விஷயத்தில் ஆளாளுக்கு ஒரு மாதிரி விளக்குவார்கள். எனக்குப் புரிந்தது ஒன்றுதான். நான் எதைப் படித்தேனோ அதைக் கொடுக்கலாம். படிக்காததை எழுதினால் நானும் போலிதான், சுவரில் சான்றிதழ் தொங்குகிற போலி. இதை அவரிடம் பொறுமையாகச் சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு எழுந்தார்.

"பொங்கல் வரிக்கும் பாக்கறேம்மா. அப்பால அந்த ரூம்ல ஒரு பல்லு டாக்டர வெச்சிக்கறேன். அவுராச்சும் எதுனா எழுதுவாரு."

கையை நீட்டிய அக்கா

பொங்கலுக்குள் வாடகை கொடுக்கிற அளவுக்குக் கூட்டம் சேராவிட்டால் திரும்ப அதே ஏசி, அதே எண்கள். ஆகவே வருகிற ஒவ்வொருவரையும் சாமியே வந்த மாதிரி வரவேற்றேன் என்று சொன்னால் மிகையில்லை. தலைவலி என்று ஓர் அக்கா வந்தார். எங்கள் வழக்கப்படி எல்லாம் கேட்டேன். வலி வலப்பக்கமா இடப்பக்கமா, வெயில் பட்டால் கூடுகிறதா, கனவு வருகிறதா, உப்பு பிடிக்குமா. அவர் பதில் சொல்லிக்கொண்டே புடவையைச் சரிசெய்து, ரவிக்கைக் கையை மடக்கித் தோளைக் காட்டி ரெடியாக இருந்தார்.

ஊசி இல்லை என்றேன். மருந்து இந்த உருண்டைதான் என்றேன். அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். என்னிடம் ஊசி வாங்கக் காசில்லை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. கதவு வரை போனவர், எனக்காக மனமிரங்கித் திரும்பி வந்தார்.

"மருந்து கூட வாணாம்மா. சும்மா வெறும் ஊசியாச்சும் குத்தி அனுப்பேன்."

தும்மலை அடக்கியவர்

பக்கத்து அணுமின் நிலையக் குடியிருப்பிலிருந்து ஒருவர் வந்தார். சொந்த ஊர் தென்காசிப் பக்கம், வேலை இங்கே. காலையில் எழுந்தால் வரிசையாகத் தும்மல் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் போனை எடுத்து, சுவரில் இருந்த பதிவு எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தட்ட ஆரம்பித்தார். கவுன்சில் பட்டியலில் நான் இருக்கிறேனா என்று தேடுகிறாராம். நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. மனிதர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கண் கலங்க உட்கார்ந்திருந்தார்.

என் இடத்தில் வேறு யாராவது என்றால் சுருக்கென்று கோபம் வந்திருக்கும். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சான்றிதழை வருகிறவர்கள் எல்லாரும் என் கல்யாண போட்டோவைப் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பார்கள். முதல்முறையாக ஒருவர் அதைப் படிக்கிறார். கடைசியில் என் பெயரும் எண்ணும் போனில் வந்து நின்றன. அவர் முகம் மலர்ந்தது.

"எல்லாம் சரியா இருக்கு மேடம். இனி நான் தும்மலாம்லா?"

ரெய்டு

போலி டாக்டர்களைத் தேடி அதிகாரிகள் வருகிறார்கள் என்று ஒருநாள் காலையிலேயே தகவல் வந்துவிட்டது. இரண்டு தெரு தள்ளி ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒருவர் அன்றைக்கென்று பார்த்து ஷட்டரை இறக்கிவிட்டு உறவினர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். என் ரூமுக்கும் வந்தார்கள். மூத்த அதிகாரி சான்றிதழைப் பார்த்தார், கிளினிக் பதிவைப் பார்த்தார், அலமாரியைத் திறந்து சீசா சீசாவாக மோந்து பார்த்தார். எல்லாம் முறைப்படிதான் இருந்தது.

மேஜைக்குக் கீழே கையை விட்டவர், ஒரு சிரிஞ்சை எடுத்து நிமிர்ந்தார். பச்சைக் கலர் பிளாஸ்டிக் சிரிஞ்சு அது. குழந்தைகள் அழாமல் இருக்க நான் வாங்கிப் போட்டிருந்த விளையாட்டு டாக்டர் செட்டில் ஒன்று. வயிற்றுவலிக்கு அம்மாவோடு வந்திருந்த ஒரு குட்டிப் பெண் நேராகப் போய் அதை அவர் கையிலிருந்து பிடுங்கி, அவர் முழங்கையில் ஒரு குத்துக் குத்தினாள். "அழக் கூடாது" என்று வேறு சொன்னாள். அதிகாரி தேய்த்துவிட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

"இந்த ஆஸ்பத்திரில ஊசி போடற அதிகாரம் பாப்பாவுக்கு மட்டும்தான் இருக்கு போல. நடத்துங்க டாக்டர்."

அஞ்சலையின் வாயு

கார்த்திகைத் தொடக்கம். மீன் விற்கும் அஞ்சலை அக்கா கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார், கூடவே மகன் பாபு. தாடையிலிருந்து இடது கை வரைக்கும் பிடித்து இழுக்கிறது, வாயு, ரெண்டு உருண்டை கொடு என்றார். அந்த மழைக்குளிரிலும் ரவிக்கை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. நாடியைப் பிடித்துப் பார்த்தேன், வாயு மாதிரித் தெரியவில்லை.

"அக்கா, இதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. உடனே செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டு நூற்றியெட்டுக்குப் போன் போட்டேன். பாபுவுக்கு வந்ததே கோபம். "ஒரு உருண்ட குடுக்க மன்சு வரலியே, நீயெல்லாம் இன்னாத்துக்கு போர்டு மாட்டிகினு கீற?" என்று கத்தினான். கவுன்ட்டரிலிருந்து ஏகாம்பரம் அண்ணன் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வெறும் வாயுவாக இருந்தால் ஊரே சிரிக்கும். சிரிக்கட்டும், வாயுவாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வாயு இல்லை. இதயத்தில் அடைப்பு. நேரத்தோடு கொண்டுவந்ததால் பிழைத்தார் என்று அங்கே சொன்னார்களாம். கொஞ்ச நாள் கழித்து அஞ்சலை அக்கா மெதுவாக நடந்து வந்து என் முன்னால் உட்கார்ந்து, கால்முட்டியைத் தடவிக் காட்டினார். பாபு வாசலிலேயே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன்.

"அன்னிக்கு உன்னால முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன பாரு. இப்ப முட்டிக்கு உன்னால முடியும்னு சொல்லு, எதக் குடுத்தாலும் துன்றேன்."

பொங்கல்

அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் என்னிடம் ஒரு புது வியாதியோடு வர ஆரம்பித்தார்கள். "இதுக்கு எங்க போவணும், நீயே சொல்லு" என்பதுதான் அந்த வியாதி. தோல் அரிப்பு, தும்மல் என்றால் நான் பார்த்தேன். கண் மங்குகிறது, காலில் புண் ஆறவில்லை என்றால் செங்கல்பட்டில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். திரும்பி வரும்போது அங்கே எழுதிக் கொடுத்த சீட்டைக் கொண்டுவந்து காட்டி, எதை எப்போது சாப்பிடுவது என்று கேட்டுக்கொண்டு போவார்கள். நல்ல காரியம்தான், ஆனால் அதனால் என் ரூம் நிற்குமா என்ன?

போகிக்கு முதல் நாள் கோடிங் கம்பெனிக்குப் போன் போட்டேன். பழைய இடம் காலியாகத்தான் இருக்கிறது, வாங்க என்றார்கள். சீசாக்களை ஒவ்வொன்றாகப் பேப்பரில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கினேன். கடைசியாகச் சுவரிலிருந்து சான்றிதழைக் கழற்றினேன். அதே நேரம் ஏகாம்பரம் அண்ணன் உள்ளே வந்தார். கடையில் கூட்டம் நிற்பதால் ஒரு காலை வாசலுக்கு வெளியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"பொங்கல் வந்துடுச்சேண்ணே" என்றேன்.

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த சான்றிதழை வாங்கித் திரும்ப அதே ஆணியில் மாட்டினார். கோணலாக இருந்ததை நேராக்கிவிட்டுப் பேசினார்.

"பல்லும் வாணாம், பேஜாரும் வாணாம். நீ எழ்துன சீட்டு ஒண்ணு கூட என் கடைக்கு வரலம்மா, ஆனா நீ எழ்தமாட்டேன்னு தொரத்திவுட்ட ஜனந்தான் செங்கல்பட்டுல எழ்தி வாங்கிகினு வந்து தோ என் கவுன்ட்டர்ல நிக்குது, பொட்டிய எறக்கி வெய்யி."

ஆக, சக "ஓ" டாக்டர்களே, இந்தத் தொழிலில் நான் கண்ட ரகசியம் இவ்வளவுதான்: தெரியாததைத் தெரியாது என்று உரக்கச் சொல்லிவிட்டு, தெரிந்ததைக் கேட்க ஆள் வரும்வரை நாற்காலியை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.