வண்டலூரில் ஏறிய சிங்கம்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ஸ்மார்ட்போனில் அப்பா ஒரு படம்கூட எடுத்ததில்லை, ஒரு பாட்டுகூடக் கேட்டதில்லை. துபாயிலிருந்து லீவில் வந்த சித்தப்பா தனக்குப் புதிது வாங்கிக்கொண்டு பழையதை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கால்குலேட்டரைவிடக் கொஞ்சம் அகலம், கீழ்ப்பாதி முழுக்கக் குட்டி குட்டியாக ஆங்கில எழுத்துகள், பக்கவாட்டில் விரல்நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு. அதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று சித்தப்பா ஒரு மணி நேரம் விளக்கினார். அப்பா அதில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலை இதில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரலாம், வீட்டிலிருந்து திரும்ப ஆபீசுக்கும் கொண்டுபோகலாம்.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ. நான் ஏழாம் வகுப்பு. நாங்கள் தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூரில் இருந்தோம். அப்பாவுக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. பல வருஷம் மிஷினில் நின்றவர். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முழங்கால் கெட்ட பிறகு, உட்கார்ந்து பார்க்கிற வேலையாக டிரான்ஸ்போர்ட் செக்ஷனில் போட்டிருந்தார்கள். கம்பெனி பஸ்ஸில் யார் எந்த ஸ்டாப்பில் ஏறுகிறார், எந்த ஷிப்ட், எந்த பஸ் என்று மாதாமாதம் பட்டியல் போட வேண்டும். தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ஜிஎஸ்டி ரோடு முழுவதும் அப்பாவின் கையெழுத்தில் சார்ட் பேப்பரில் இறங்கிவரும். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு, ஸ்டாப்புக்கு ஒரு கலர் ஸ்கெட்ச். அச்சடித்த மாதிரி இருக்கும்.

புதிதாக வந்த மேனேஜர் அந்தச் சார்ட்டைப் பார்த்துவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து எல்லாம் எக்செல்லில் வேண்டும் என்று சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் வராதவர்கள் மறுபடி மிஷினுக்குப் போக வேண்டியதுதான் என்றும் சொல்லியிருக்கிறார். “நாள் பூரா நின்னா இந்தக் கால் தாங்குமா?” என்று சமையலறையில் அம்மா கேட்டது என் காதிலும் விழுந்தது. காதில் விழுந்ததே தவிர, பன்னிரண்டு வயதில் அதற்கு மேல் எங்கும் போய் விழவில்லை.

வீட்டில் எனக்காக வாங்கிய அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. இன்டர்நெட் கிடையாது. பென் டிரைவ் வாங்கலாம் என்றால் கம்பெனி கேட்டில் விட மாட்டார்கள். செக்யூரிட்டி ஒட்டி வைத்திருந்த தடைப்பட்டியலில் பென் டிரைவ், சிடி, ஃப்ளாப்பி எல்லாம் இருந்தன, போன் இல்லை. எழுதாததைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை. அப்படித்தான் சித்தப்பாவின் போன் அப்பாவின் ஃபைல் பெட்டி ஆனது.

ஸ்கூலில் எங்களுக்கு எக்செல் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்பாவுக்கே சொல்லிக்கொடுக்கிற பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பெயர்களைப் படிக்க, நான் சுழல் நாற்காலியில் அமர்ந்து தட்டுவேன். “மெதுவா சொல்லுங்கப்பா” என்று அதட்டுவேன். அவரும் பயந்தவர்போல் மெதுவாகச் சொல்வார். அவரைத் தட்டவிட்டால் ‘கே’ எங்கே இருக்கிறது என்று தேடவே ஐந்து நிமிஷம் ஆகும், அதனால் கீபோர்டை அவரிடம் கொடுக்கவே மாட்டேன். ஒயரை மாட்டி ஃபைலைப் போனுக்குள் இழுத்துப் போடுவதை மட்டும் பெரிய மனது வைத்துக் கற்றுக்கொடுத்தேன்.

முதல் நாள் அப்படி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது துபாயிலிருந்து சித்தப்பாவின் போன் வந்து, ஃபைல் பாதியில் நின்று, திரையில் ஏதோ எர்ரர் என்று பெட்டி வந்துவிட்டது. எனக்கும் காரணம் தெரியாது. தெரியாது என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. “போன் வந்தா உள்ள இருக்கிற ஃபைல் கெட்டுப்போயிடும்பா. காப்பி பண்ணதும் ஆஃப் பண்ணிடுங்க, ஆபீஸ் போய்த்தான் ஆன் பண்ணணும்” என்று தீர்ப்பு சொன்னேன். அப்பா அதைக் கோர்ட் உத்தரவுபோல எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஃபைல் ஏறியதும் போன் அணைந்துவிடும். கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். பஸ் ஸ்பீடு பிரேக்கரில் ஏறும்போது, தோசை மாவுத் தூக்கைப் பிடிப்பதுபோல, பையின் மேல் கையை வைத்துக்கொள்வாராம்.

அம்மாவுக்குத்தான் கோபம். “அவசரத்துக்குப் பேசத்தானே போன்? பஸ் ஏறினா இறங்கற வரைக்கும் அது வெறும் கல்லு” என்பாள். உள்ளே ஃபைல் இருக்கிறது என்று அப்பா தணிந்த குரலில் விளக்குவார்.

இரண்டு மாதம் இப்படியே நன்றாக ஓடியது. மூன்றாவது மாதப் பட்டியல் அடித்த அன்று, வண்டலூர் ஸ்டாப்பில் ஏழு பேர் இருந்தார்கள். அதற்கு முந்தைய வாரம்தான் ஸ்கூலிலிருந்து எங்களை வண்டலூர் ஜூவுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அப்பா கடைக்குக் கிளம்பிப் போனதும் எனக்குக் கை துறுதுறுத்தது. ஏழு பேருக்குக் கீழே சிங்கம், வெள்ளைப்புலி, நீர்யானை என்று மூவரைச் சேர்த்தேன். மூவருக்கும் எம்ப்ளாயி நம்பர் கொடுத்தேன். குறிப்பு என்ற கட்டத்தில் நீர்யானைக்கு இரண்டு சீட் தேவை என்று எழுதினேன். அப்பா வந்ததும் காட்டிச் சிரிக்க வைத்துவிட்டு அழித்துவிடலாம் என்று திட்டம். ஸ்கூலில் பழக்கியிருந்தபடி சமர்த்தாக ‘சேவ்’ பண்ணியும் வைத்தேன்.

அடுத்த நிமிஷம் கரண்ட் போய்விட்டது. அது வருவதற்குள் நான் சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன்.

காலையில் எழுந்து பார்த்தால் கம்ப்யூட்டர் மேஜையில் ஒயர் இல்லை. மாதக் கூட்டம், சீக்கிரம் போக வேண்டும் என்று அப்பா தானே காப்பி பண்ணிக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தார். “உன்னை எழுப்பாமத் தானே பண்ணிட்டாரு, அவ்வளவு பெருமை உங்கப்பாவுக்கு” என்று அம்மா சிரித்தாள். சிங்கமும் கூடவே போனில் ஏறிப் போயிருந்தது. லேண்ட்லைனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது அந்தப் பெண் குரல். மறுபடி கூப்பிட்டேன். பெருங்களத்தூர் போயிருப்பார், வண்டலூர் போயிருப்பார், ஊரப்பாக்கம் போயிருப்பார் என்று ஸ்டாப் ஸ்டாப்பாகக் கணக்குப் போட்டுப் போட்டுக் கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே குரல்.

“எதுக்குடி இப்படி சுத்தறே? நீ போட்ட சட்டம்தானே, கல்லு எப்படிப் பேசும்?” என்றாள் அம்மா. விஷயத்தைச் சொன்னால் முதுகில் ஒன்று விழும் என்று பயந்து சும்மாதான் என்று சொல்லிவிட்டேன். பிறகு ஸ்கூல் வேன் வந்துவிட்டது. அன்று எந்தப் பாடமும் என் தலையில் ஏறவில்லை.

சாயங்காலம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருமுனையில் அப்பா மெதுவாக நடந்து வருவது தெரிந்ததும் அழுகை வந்துவிட்டது. சிங்கம் என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் என் வாயில் சரியாக வரவில்லை. அப்பா குனிந்து என் முகத்தைத் துடைத்தார்.

“எதுக்கு அழறே? எல்லாரும் சிரிச்சாங்க. மேனேஜர் சார்கூடச் சிரிச்சாரு. நீர்யானைக்கு ரெண்டு சீட்டுன்னா நான் எங்க உக்காந்து ஓட்டறதுன்னு டிரைவர் கேட்டாரு.”

அவ்வளவுதான், என் பயமெல்லாம் பறந்துவிட்டது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அன்று காப்பி குடித்ததும் அப்பா கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்து, ஒரு வரியை எப்படி அழிப்பது என்று கேட்டார். சிங்கத்தை அழிக்கப் போகிறீர்களா என்று கேட்டேன். இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்றார். காட்டினேன். பத்துப் பன்னிரண்டு தடவை ஏதேதோ வரிகளைச் சேர்த்துச் சேர்த்து அழித்துப் பார்த்தார். சிங்கத்தின் மேல் கை வைக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து, வேலை விட்டு வந்ததும் அப்பா முழங்காலுக்குத் தைலம் தேய்க்க ஆரம்பித்தார். மழைக்காலம், வலிக்கத்தான் செய்யும் என்று அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள். இன்னொரு மாற்றமும் வந்தது. மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை வந்துகொண்டிருந்த ஃபைல், இப்போது தினமும் வந்தது. “சரி பண்ணிக் குடு” என்று போனை நீட்டுவார். கேன்டீனில் இந்த வாரம் என்ன டிபன், டிரைவர்கள் யாருக்கு என்ன ரத்தப் பிரிவு, தாம்பரத்திலிருந்து மறைமலை நகர் வரை எத்தனை ஸ்டாப் என்று விசித்திரமான பட்டியல்கள். என் சிங்கத்தைப் பார்த்து மயங்கித்தான் கம்பெனி எனக்கு இவ்வளவு வேலை கொடுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா ரிடையர் ஆன அன்று, அந்த டிரைவர் அண்ணன்தான் அவரை மாலையோடு வீடுவரை கொண்டுவந்து விட்டார். அப்பா சட்டை மாற்ற உள்ளே போயிருந்தார். டிரைவர் அண்ணன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“சிங்கத்த ஏத்தின பாப்பா நீதானா? அன்னிக்கு மீட்டிங்ல செவுத்துல இம்மாம் பெருசா வந்துச்சி. எல்லாரும் சிரிச்சாங்க. மேனேஜரும் சிரிச்சிக்கினேதான் சொன்னாரு, சரி, அத அழிச்சிடுங்கன்னு. சாருக்கு அழிக்கத் தெர்ல. சிங்கத்து மேல மவுஸ வெச்சிக்கினு அப்டியே நிக்கிறாரு. அப்புறம் யாரும் சிரிக்கல.”

அடுத்த திங்கட்கிழமை அப்பாவை மிஷினுக்கு மாற்றிவிட்டார்களாம். நாலு மாதம் நின்றிருக்கிறார். “சாப்பாட்டு டயத்துல வந்து செக்ஷன் கம்ப்யூட்டர்ல குந்திக்கினு ஒத்த வெரலால தட்டிக்கினு இருப்பாரு. இன்னா சார் இதுன்னு கேட்டா, வூட்ல டீச்சர் கீறாங்க, ஹோம்ஒர்க் காட்டணும்னுவாரு. அத்த எல்லாம் பாத்துட்டுத்தான் மேனேஜரு திருப்பி செக்ஷனுக்கு இட்டாந்தாரு.”

அப்பா வெளியே வந்ததும் நாங்கள் வேறு பேச்சு பேசினோம். நான் அவரிடம் இதுவரை எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், எல்லாரும் சிரித்தார்கள் என்பார்.

ஆனால் அந்த மழைக்காலத்துச் சாயங்காலம் ஒன்று அடிக்கடி ஞாபகம் வருகிறது. தினமும் ஃபைல் வர ஆரம்பித்த முதல் வாரம். அன்றைய பட்டியலைத் திறந்தால், பெயர், ஸ்டாப், பஸ் எல்லாமே ஒரே கட்டத்துக்குள் இருந்தன. ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி, கண் அளவாலேயே வரிசையை நேராக்கியிருந்தார்கள்.

“யாருப்பா இதை அடிச்சது? ஒண்ணுமே தெரியலையே!” என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

“செக்ஷனுக்குப் புதுசா ஒருத்தர் வராரு. இப்பதான் கத்துக்கறாரு.”

“அடுத்த கட்டத்துக்குப் போக டேப் அழுத்தணும்னு அவர்கிட்ட சொல்லுங்க.”

அப்பா டவுன் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டார். அந்தப் புதியவருக்கு என்ன வயது என்று கேட்டேன். “என் வயசுதான் இருக்கும்” என்றார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

“அப்படின்னா யாரும் அவரைத் திட்டாதீங்கப்பா. பொறுமையா சொல்லிக் குடுங்க, வந்துடும்.”

“சரிம்மா” என்றார் அப்பா. “நீ சொன்னேன்னு சொல்றேன்.”

நான் எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகப் பிரித்துச் சரிசெய்தேன். யாருக்கும் தேவைப்படாத அந்தப் பட்டியலை அப்பா ஒயர் மாட்டிப் போனில் ஏற்றினார். பிறகு போனை அணைத்து, கைக்குட்டையில் சுற்றி, காலையில் போட்டுக்கொள்ளும் சட்டையின் பையில் வைத்தார்.