வலப்பக்கம் சுற்றி வந்த நாய்

அப்பாவின் இடது காது முழுச் செவிடு. இதை வீட்டில் முதலில் கண்டுபிடித்தது நாய். அம்மா கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆயிற்று.

அவர் போய் இன்றோடு பதினாறு நாள். தொழிற்சாலைகளில் இயந்திர இரைச்சலை அளந்து அறிக்கை கொடுப்பது என் வேலை. அறிக்கைதான் எழுதத் தெரியும். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். பாதி நான் பார்த்தது, பாதி அம்மா சொன்னது.

அப்பா பட்டாளத்திலிருந்து திரும்பியபோது எனக்கு ஒன்பது வயது. கண்ணிவெடி. இடது கையில் இரண்டு விரல் இல்லை. இடது காலுக்குள் உலோகத் துண்டுகள். மழை வந்தால் விந்தி நடப்பார். பார்க்க வந்தவர்கள் முதலில் கையைப் பார்த்தார்கள், பிறகு காலைப் பார்த்தார்கள். காது வெளியிலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதனால் யாரும் பார்க்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஊர் அவரைப் பட்டாளத்தார் என்றது. அதற்கு முன்பு நாய்க்காரர் என்றுதான் கூப்பிட்டார்களாம். அவருக்குப் பிடித்தது பழைய பெயர். மலையடியில் சோளம் போடுகிறவர்கள், காட்டுப்பன்றி இறங்கிவிட்டால் அவரிடம்தான் ஓடி வருவார்கள். சுடுவதற்கு அனுமதிச் சீட்டு, ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கி, மூன்று நாய்கள். செவலை, சாம்பல், மேஸ்திரி. மேஸ்திரி மூத்தவள். மற்ற இரண்டும் புதருக்குள் புகுந்து தேடும்போது இவள் மேட்டில் நின்று வேடிக்கை பார்ப்பாள். அதனால் அந்தப் பெயர். ஆனால் கடைசியில் பன்றியைக் கண்டுபிடிப்பது அவள்தான்.

அவர் பட்டாளத்தில் இருந்த ஆறு வருடமும் மூன்றுக்கும் சோறு வைத்தது அம்மா. ஒரு கையால் வைப்பாள், மறு கையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

வேட்டையில் நாய்கள் முன்னே ஓடிவிடும். கண்ணுக்குத் தெரியாது. குரைப்பைக் கேட்டுக்கொண்டே ஆள் பின்னால் போக வேண்டும். துரத்தும்போது குரைப்பு விட்டுவிட்டு வரும். பன்றி திரும்பி நின்றுவிட்டால் நாய்கள் சுற்றி வளைத்துக்கொண்டு ஒரே சீராகக் குரைக்கும். அந்த நேரம் ஆள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். தாமதித்தால் பன்றியின் கொம்புப்பல் நாயைக் கிழித்துவிடும். நாய் உயிரைப் பணயம் வைத்து நிற்பது, ஆள் வருவான் என்ற நம்பிக்கையில்.

சத்தம் ஒரு காதுக்கு முந்தி வருகிறது, மற்றதற்குப் பிந்தி வருகிறது. நொடியை ஆயிரம் துண்டாக்கினால் ஒரு துண்டைவிடக் குறைவான வித்தியாசம். மூளை பெரும்பாலும் அதை வைத்துத்தான் பக்கம் சொல்கிறது. ஒற்றைக் காதுக்குச் சத்தம் கேட்கும். எங்கிருந்து என்று தெரியாது. இதை நான் பிற்பாடு கல்லூரியில் படித்தேன். அப்பாவுக்கு, ஊர் திரும்பிய பிறகு போன முதல் வேட்டையிலேயே தெரிந்துவிட்டது.

அன்று அவர் ஓடைக்கு இந்தப் பக்கம் இறங்கினார். நாய்கள் அந்தப் பக்கம் நின்று குரைத்துக்கொண்டிருந்தன. சோளக்காட்டுக்காரர் வரப்பில் நின்று கத்தினார்.

"பட்டாளத்தாரே, பன்னி வடக்க நிக்குது. நீங்க தெக்க யாரோட சண்டைக்குப் போறீங்க?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்து வைத்தார். இரண்டாவது முறையும் அப்படியே ஆயிற்று. மூன்றாவது முறை அவர் போய்ச் சேர்ந்தபோது பன்றி இல்லை. செவலை விலா கிழிந்து கிடந்தது. கால்நடை மருத்துவர் பதினொரு தையல் போட்டார். அப்பா நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை அம்மாவிடம் சொன்னார். "உன் தம்பிய வரச் சொல்லு. நாய்ங்கள ஓட்டிட்டுப் போகட்டும். அவன் பக்கத்துல வேட்டைக்குப் போறவங்க இருக்காங்க."

"மூணையுமா?"

"மூணையும்தான்."

மாமா வேன் ஓட்டுகிறவர். அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லி அனுப்பினார். நாய்கள் போவதில் அம்மாவுக்கு வருத்தம் இல்லை. அவளுக்கு வேறு பயம். நாய்களையே வேண்டாம் என்கிறவர் அடுத்தது எங்களை வேண்டாம் என்பார் என்று நினைத்தாள்.

நினைக்கக் காரணம் இருந்தது. அவர் வந்ததிலிருந்து அவள் பேச்சுக்குப் பாதி நேரம் பதில் இல்லை. சாப்பிடும்போது அம்மா உட்காருவது அவருக்கு இடப்பக்கம். படுப்பதும் இடப்பக்கம். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். ஆறு வருடமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் விளக்கணைத்த பிறகு மெதுவாகச் சொல்வாளாம். அவரிடமிருந்து உம் என்றுகூட வராது. மனுஷன் மனசை அங்கேயே விட்டுவிட்டு உடம்பை மட்டும் கொண்டு வந்திருக்கிறார் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஆளுக்கொன்றை மறைத்துக்கொண்டு ஒரே அலமாரியைப் பயன்படுத்தி வந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா கொல்லைப்புறம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கழுத்து வார்ப்பட்டைகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார், கொடுத்துவிடப் போகிற நாய்களுடையவை. மேஸ்திரி அவருக்கு இடப்பக்கம் வந்து நின்று முனகினாள். தண்ணீர்ச் சட்டி காலி. அப்பா திரும்பவில்லை. மேஸ்திரி மறுபடி முனகவில்லை. நாற்காலிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய் ஒரே ஒரு குரைப்பு. அப்பா உடனே எழுந்து சட்டியை எடுத்தார்.

நாய் யோசிக்கவே இல்லை என்பதுதான் அம்மா கண்ணில் பட்டது. வழக்கமாகப் போகிற வழியில் போவதுபோல் போயிற்று.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அப்பா வந்து உட்கார்ந்ததும் இடப்பக்கம் போய்க் குனிந்து, காதருகே, சாதாரணக் குரலில் சொன்னாள்.

"நீங்க ஒரு மண்ணாங்கட்டி."

அப்பா எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா பின்னால் சுற்றி வலப்பக்கம் வந்தாள். அதே குரல். "நீங்க ஒரு மண்ணாங்கட்டி."

"யாருடி மண்ணாங்கட்டி?"

நான் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா அழப் போகிறாளா சிரிக்கப் போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

"எத்தன நாளா?"

"என்ன எத்தன நாளா?"

"காது."

அப்பா வார்ப்பட்டையை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார். "வெடிச்ச அன்னிலருந்து."

"சொல்றதுக்கு என்ன?"

"கை போச்சு. கால் நொண்டுது. மூணாவதா ஒண்ண எப்படிச் சொல்றது? பழைய சாமான் கடையில வாங்கின மாதிரி இருக்கும்ல?"

"எட்டு மாசமா நான் அந்தக் காதுலதான் பேசிட்டிருந்தேன்."

"என்ன பேசின?"

"இனிமே சொல்லமாட்டேன். வேணும்னா அந்தக் காதயே கேட்டுக்குங்க."

அப்பா சத்தமாகச் சிரித்தார். அவர் திரும்பி வந்த பிறகு அப்படிச் சிரித்தது அன்றுதான் முதல் தடவை. பிறகு நிறுத்திக்கொண்டார். "ஞாயித்துக்கெழம நாய்ங்க போகட்டும். எங்க குரைக்குதுன்னு தெரியாதவன நம்பி அதுங்க நிக்கக் கூடாது."

அம்மா கத்தியை மறுபடி எடுத்தாள். வெங்காயத்துக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை விடிந்ததும் சோளக்காட்டுக்காரர் வந்தார். பன்றி இறங்கி நாலு பாத்தியை உழுது போட்டிருந்தது. அப்பா, தான் வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா அவருடைய பழைய பட்டாளத்துச் சப்பாத்தில் துணியைச் சுருட்டித் திணித்து, காலை நுழைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ எங்க கெளம்பிட்ட?"

"கேக்கறதுக்கு. குரைப்பு என்ன சொல்லுதுன்னு உங்களுக்குத் தெரியும். எங்க சொல்லுதுன்னு எனக்குத் தெரியும். நடங்க."

நாய்கள் இரண்டு. செவலை தையலோடு வீட்டில் கிடந்தது. சோளக்காட்டில் அம்மா அப்பாவுக்கு நேர் பின்னால் நின்று அவருடைய இரண்டு தோளிலும் கை வைத்துக்கொண்டாள். வலப்பக்கம் என்றால் வலத் தோளில் தட்டு. இடப்பக்கம் என்றால் இடத் தோளில். நேர் என்றால் இரண்டையும் அழுத்து. வரும் வழியிலேயே பேசிக்கொண்ட ஏற்பாடு. சோளக்காட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டு பார்த்தாராம்.

குரைப்பு ஓடியது, நின்றது, சீரானது. "நிறுத்திட்டா," என்றார் அப்பா. "எங்க?"

அம்மா வலத் தோளில் தட்டினாள். இரண்டடி வைத்ததும் இடத் தோளில் தட்டினாள். அப்பா நின்றார்.

"ரெண்டு பக்கமும் கேக்குதா?"

"ஆமாங்க. ரெண்டு பக்கமும் நாய் இருக்கு."

"ஒண்ணு நாய், ஒண்ணு பாறை. எது முந்தி வருது?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அங்கே இருந்த பாறைச் சரிவு குரைப்பைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. நாயை வெறுத்த ஒருத்தி வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நாயின் குரைப்பை முழுக் கவனத்தோடு கேட்டாள்.

இடத் தோளில் தட்டு. ஒரே தட்டு.

ஓடைக் கரையில் பன்றி நின்றது. மேஸ்திரி முன்னால், சாம்பல் பின்னால். இரண்டுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அப்பா ஒரு தோட்டாதான் செலவழித்தார்.

ஞாயிறு காலை மாமா வேனோடு வந்து சங்கிலிகளை எடுத்தார். அம்மா பிடுங்கி ஆணியில் மாட்டினாள்.

"அக்கா, நீதான ஓட்டிட்டுப் போன்னு சொல்லி அனுப்பின?"

"நான்தான் சொன்னேன். நான்தான் வேணாங்கறேன். வந்ததுக்குச் சாப்பிட்டுட்டுப் போ."

"என்ன மச்சான் இது?"

அப்பா இரண்டு கைகளையும் விரித்தார். "எனக்குக் காது கேக்காதுப்பா. வீட்டுல என்ன முடிவுன்னே தெரியல."

அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் இரண்டு பேரும் சேர்ந்துதான் போனார்கள். பட்டாளத்தாருக்கு நாலாவது நாய் என்று கடைத்தெருவில் ஒருவன் அம்மாவைச் சொன்னான். "ஆமா, மத்த மூணும் குரைக்கும். கடிக்கிறது நான்தான்," என்றாள். அவன் பிறகு எங்கள் தெருவையே தவிர்த்தான்.

வேலைக்குச் சேர்ந்த வருடம் நான் அவருக்கு ஒரு கருவி வாங்கிக் கொடுத்தேன். இடப்பக்கச் சத்தத்தை எடுத்து வலக் காதில் கொடுப்பது. ஒரு வாரம் போட்டுக்கொண்டார். பிறகு அலமாரியில் வைத்துவிட்டார். "நல்ல சாமான்தாம்மா. ஆனா அது என்ன சத்தம்னுதான் சொல்லுது. உங்கம்மா எங்க இருக்குன்னு சொல்லுவா. பேட்டரியும் மாத்த வேணாம்."

போன மாதம் அவர் சமையலறையில் விழுந்தார். மூளையில் இரத்தக் கசிவு. நான் இருந்த நகரத்து மருத்துவமனைக்கே கொண்டு வந்தார்கள். அம்மாவால் உடனே வர முடியவில்லை. மேஸ்திரியின் பேத்தியின் பேத்திக்கு அன்றுதான் பிரசவம். பார்க்க வேறு ஆளில்லை. அப்பாவைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

இரண்டு நாள் நான் கட்டிலருகே உட்கார்ந்து பேசினேன். என்னென்னவோ பேசினேன். ஒரு அசைவு இல்லை. கூப்பிட்டால் பதில் இல்லை என்று செவிலியர் அட்டையில் எழுதினார். நானும் அதை நம்பினேன்.

மூன்றாம் நாள் காலை அம்மா வந்தாள். பையை வைக்கக்கூட இல்லை. கட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி, ரெண்டு நாளா தலகாணிகிட்டயா பேசிட்டிருந்த?"

அவரை வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். கேட்கிற காது தலையணைக்குள் புதைந்திருந்தது. சத்தத்தை அளந்து சம்பளம் வாங்குகிறவள் நான். எனக்குத் தோன்றவில்லை.

அம்மாவும் செவிலியரும் அவரை மெல்ல மல்லாக்கத் திருப்பி, தலையை இடப்பக்கம் சாய்த்தார்கள். அம்மா குனிந்தாள். "என்னங்க. அஞ்சு குட்டி. எல்லாம் நல்லா இருக்கு. உங்க பொண்ணு வந்திருக்கா."

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். இரண்டு நாளில் எல்லாவற்றையும் தலையணையிடம் பேசி முடித்திருந்தேன். "அப்பா," என்று மட்டும் சொன்னேன்.

கண் திறக்கவில்லை. உதடு அசைந்தது. "எங்க?"

அம்மா அவருடைய இரண்டு தோளிலும் கை வைத்து அழுத்தினாள்.

அப்பா முகத்தை நேராக்கி என் பக்கம் காட்டினார்.