பட்டியலில் பத்துப் பேர்

எங்கள் லயன் வீட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துத் திடலுக்கு இறங்க நூற்றுப் பன்னிரண்டு படிகள். மழை அரித்தவை பதினேழு. கைப்பிடி இருப்பது ஒரே இடத்தில். என் மகனின் மகளுக்கு ஆறு வயதில், லோரி மோதி, இடது கால் முட்டிக்குக் கீழே போயிற்று. ஏழு வயதில் செயற்கைக் கால் வந்தது. அன்றிலிருந்து எண்ணுகிறேன். தமிழ்ப்பள்ளியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வருகைப் பதிவு எடுத்தவனுக்கு எண்ணாமல் இருக்க வராது.

அவளுக்கு அது பயன்பட்டது. மாலையில் திடலின் ஒரு கோல் கம்பத்திலிருந்து மறு கம்பம் வரை ஓடுவாள். நான் சத்தமாக எண்ணுவேன்.

"தாத்தா, வேகமா எண்ணி ஏமாத்தாதீங்க."

முதல் நாள் எழுபத்தொன்று. மார்கழி பாதியில் நாற்பத்தாறு. பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளைகளையும் ஓடவிட்டு எண்ணச் சொன்னாள். முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, ஒருத்தி நாற்பத்தொன்பது.

"பாத்தீங்களா, நான் கடைசி இல்ல" என்றாள். பொங்கல் விளையாட்டில் பெண் பிள்ளைகள் ஓட்டத்தில் ஓடுவதென்று அப்போதே முடிவு செய்துவிட்டாள். பிறகு வீட்டில் வேறு பேச்சே இல்லை.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு கோயில் தலைவர் வந்தார். என்னிடம் படித்தவர்தான்.

"சார், ஒய்.பி. வர்றாரு லா. பாப்பாவ மேடையில உக்கார வச்சு ஒரு பொன்னாடை போட்டுருவோம்." எங்கள் பக்கத்தில் பதவியில் இருக்கும் அரசியல்வாதி எவரும் ஒய்.பி.தான்.

"அவ ஓடணும்னு இருக்கா."

"ஈரத் திடல் சார். விழுந்துட்டா யாரு பதில் சொல்றது? ஒய்.பி. முன்னாடி வேற."

நான் அப்போதும் எண்ணினேன். பிள்ளை வளர்ந்துவிட்டாள், செயற்கைக் கால் இறுக்கம். இரண்டு முறை தோல் உரிந்திருக்கிறது. இது உடைந்தால் அடுத்த காலுக்கு ஈப்போ ஆஸ்பத்திரியில் நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். கூட்டிப் பார்த்துவிட்டு, "சரி" என்றேன். அவளிடம் சொல்லவில்லை. அந்த நான்கு நாளும் மாலையில் திடலுக்குப் போய் எண்ணினேன். கடைசி நாள் நாற்பத்து நான்கு.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவரை என்ன செய்வதென்று தெரியாவிட்டால் பொன்னாடை போர்த்திவிடுவோம். ஓய்வுபெற்ற அன்று எனக்கு ஐந்து விழுந்தன. மறுநாளிலிருந்து பள்ளியில் யாருக்கும் என்னிடம் கேட்க எதுவும் இல்லை.

பொங்கலன்று காலணிக் கயிற்றை இரட்டை முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒலிபெருக்கியில் ஓடுபவர்களின் பெயரை வாசித்தார்கள். அவளும் விரல் மடக்கி எண்ணினாள். பத்து. அடுத்ததாக அவள் பெயர் வந்தது, மேடைக்கு வரச் சொல்லி.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா தாத்தா?"

"மேடையிலேர்ந்து நல்லாத் தெரியும்மா" என்றேன். எனக்கு வாய்த்த பதில் அதுதான்.

பொன்னாடை பெரியவர்களுக்கானது. தோளிலிருந்து காலணி வரை தொங்கி, எந்தக் காலைக் காட்டிக் கைதட்டச் சொன்னார்களோ அந்தக் காலையே மூடிவிட்டது. ஒய்.பி. ஒன்பது நிமிடம் பேசினார். 'தன்னம்பிக்கை' ஆறு முறை. பிறகு ஓட்டம் நடந்தது. இரண்டு பிள்ளைகள் வழுக்கி விழுந்து, பாவாடைச் சேற்றைத் தட்டிக்கொண்டு எழுந்து ஓடினார்கள். யார் பதில் சொல்வதென்று ஒருவரும் கேட்கவில்லை. நாற்பத்தொன்பதுக்காரி கடைசியாக வந்தாள். வாய்கொள்ளாச் சிரிப்பு அவளுக்கு. என் பேத்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு ஏறும்போது நூற்றுப் பன்னிரண்டு படிக்கும் என் கையைப் பிடிக்கவில்லை. பொன்னாடையை அம்மாவிடம் கொடுத்து, "மோட்டார் சைக்கிள மூடி வைங்க, மழைக்கு நனையாது" என்றாள். இன்றும் அதன்மேல்தான் கிடக்கிறது.

இப்போது திடலுக்கு வருவதில்லை. கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் மற்ற பிள்ளைகளோடு ஓடுகிறாள். என்னைக் கண்டால் நின்றுவிடுகிறாள். அதனால் நான் கொட்டகைக்கு இந்தப் பக்கமே நிற்கிறேன். அவள் இரண்டு காலுக்கும் இரு வேறு சத்தம். அவளுடையதைத் தனியாகப் பிரித்தறிய முடிகிறது. எண்ணுகிறேன். எங்கே தொடங்குகிறாள், எங்கே முடிக்கிறாள் என்று தெரியாததால் அந்த எண்ணிக்கையால் ஒரு பயனும் இல்லை.