கலைவாணியும் என் தசமப் புள்ளிகளும்

போட்டிகளுக்கு மார்க் கூட்டிக் கொடுப்பது நன்றிகெட்ட வேலை; சரியாகக் கூட்டினால் உங்களை யாருக்கும் தெரியாது, தப்பாகக் கூட்டினால் ஜெயித்தவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, பள்ளிக்கூடங்களில் நடக்கும் யோகாசனப் போட்டிகளுக்கு மார்க் போடக் கிளம்பிவிடுவேன். புரோகிராம் நானே எழுதியது. மார்க்கெல்லாம் ஒரு சின்ன டேட்டாபேஸில் இருக்கும். சர்வர், இன்டர்நெட் எதுவும் கேட்காது. ஒரே ஒரு ஃபைலாக லேப்டாப்புக்குள் கிடக்கும். அரியலூர்ப் பக்கம் இதே வேலையைச் செய்பவள் கலைவாணி. பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவள்.

இரண்டு மாவட்டமும் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய போட்டி ஒன்று நடத்துவார்கள். அதற்கு எங்கள் இருவரில் ஒருவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போவதாகக் கமிட்டித் தலைவர் தங்கராசு மாஸ்டர் சொல்லியிருந்தார். அது எனக்கு வர வேண்டும் என்பதைவிட, அவளுக்குப் போய்விடக் கூடாது என்பதில்தான் நான் குறியாக இருந்தேன். கூடப் படித்தவர் பேர் வாங்குவதைப் பார்த்து வயிறு எரிந்தவர்கள் மேலே படிக்கலாம். மற்ற புண்ணியவான்களுக்கு இது புரியாது.

வராதவருக்கு முதல் பரிசு

குன்னத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டி. மார்க்கை டைப் அடித்தவர் அந்தப் பள்ளி டீச்சர். ஒரு பெண் காய்ச்சல் என்று வரவில்லை. டீச்சர் அவள் பெயருக்கு நேரே, மார்க் கட்டத்தில், ‘வரல’ என்று அடித்துவிட்டார். அங்கே எண் மட்டும்தான் வர வேண்டும் என்று புரோகிராமில் நான் எழுதித்தான் வைத்திருந்தேன். ஆனால் என் டேட்டாபேஸ் ரொம்பத் தாராளம். எதைக் கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். அதோடு விட்டதா? வரிசைப்படுத்தும்போது எழுத்தை எல்லா எண்ணுக்கும் மேலே வைப்பது அதன் வழக்கம். லிஸ்ட்டைப் பார்த்து மைக்கில் வாசித்தேன். முதல் பரிசு, வீட்டில் படுத்திருந்த பெண்ணுக்கு.

ஹெட்மாஸ்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அதே நாளில் ஆண்டிமடத்தில் கலைவாணி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே பரிசு கொடுத்து எல்லோரையும் அனுப்பிவிட்டாளாம். அதை முதலில் சொல்லி என்னைச் சுட்டுவிட்டு, அப்புறம் நிதானமாகக் கேட்டார்: “வராத புள்ளைக்குத்தான் பரிசுன்னா, மத்த புள்ளைங்கள எதுக்குங்க வேன் வச்சுக் கூட்டியாந்தோம்?”

வெறும் ஒன்பது

வேப்பந்தட்டைப் போட்டியில் தப்பே நடக்கவில்லை. ஒரு பெண் 9.00 வாங்கி முதலாவதாக வந்தாள். அவர்கள் எதிர்வீட்டுப் பெண் 8.75 வாங்கி இரண்டாவது. புள்ளிக்குப் பின்னால் சைபர் மட்டும் இருந்தால் என் டேட்டாபேஸ் அதை வேண்டாத சுமை என்று உதிர்த்துவிடும். சுவரில் ஒட்டிய தாளில் 9 என்று மட்டும் இருந்தது.

ஜெயித்த பெண்ணின் அப்பா மேஜைக்கு வந்து அந்தத் தாளையே காட்டிக்கொண்டு நின்றார். 9, 9.00 இரண்டும் ஒன்றுதான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மனுஷன் முகம் தெளியவில்லை. மகள் ஜெயித்த பிறகும் எதிர்வீட்டைப் பார்த்துப் புழுங்க முடிகிறதே என்று, எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அவர் சொன்னது: “ஜெயிச்சது சரிங்க. எதிர்வூட்டுப் புள்ளைக்குப் புள்ளி வச்சு எம்மாம் நீளமா போட்டிருக்கீங்க, எம்புள்ளைக்கு மட்டும் வெறும் ஒம்பதா?”

தூண் மறைவில்

கலைவாணி அப்படி என்னதான் செய்கிறாள் என்று பார்க்காவிட்டால் தூக்கம் வராது போலிருந்தது. பிரிண்டர் இங்க் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு அரியலூர் பஸ் ஏறினேன். கல்யாண மண்டபத்தில் ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்து, அவள் லேப்டாப்பை எட்டிப் பார்த்தேன். மார்க் கட்டங்களில் ஒரு தசமப் புள்ளிகூட இல்லை. நடுவர் எட்டரை என்றால் 85 என்று அடிக்கிறாள். ஒன்பது என்றால் 90. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் என்னைப் பார்த்துவிட்டு, டீ வாங்கி அனுப்பினாள். டீ நன்றாக இருந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாளே தங்கராசு மாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். கலைவாணிக்குத் தசமமே தெரியாது, மார்க்கைப் பத்து மடங்காக்கி வைத்திருக்கிறாள், என்றைக்காவது மானம் போகும் என்று விலாவாரியாக எடுத்துச் சொன்னேன். மாஸ்டர் பொறுமையாகக் கேட்டார். இந்த வருஷம் பெரிய போட்டி பெரம்பலூரில் நடப்பதால் மார்க் நானே போடலாம் என்றும், அதை ஒழுங்காக முடித்தால் வேலை எனக்கே நிரந்தரம் என்றும் சொன்னார். நான் எழுந்து கிளம்பும்போது கேட்டார்: “இதப் பாக்கறதுக்கா அரியலூர் வரைக்கும் போயிட்டு வந்தீங்க?”

பதினாறாவது இடத்தில் ஒரு ஒன்று

பெரிய போட்டியின் இறுதிச் சுற்றில் தவறுக்குத் தவறு மார்க் வெட்டுவார்கள். உடம்பு ஆடினால் 0.1, முழங்கால் மடங்கினால் 0.2, நேரத்துக்கு முன்னால் ஆசனத்தைக் கலைத்தால் 0.3. குறைவாக வெட்டு வாங்கியவருக்கு முதலிடம். முதலிடம் வாங்கியவர் மட்டும்தான் மாநிலப் போட்டிக்குப் போக முடியும். கடைசியில் இரண்டு பெண்கள் நின்றார்கள். எங்கள் ஊர் பவித்ராவுக்கு மூன்று ஆசனத்திலும் வரிசையாக 0.1, 0.2, 0.3 வெட்டு. அரியலூர்ப் பெண்ணுக்கு 0.3, 0.2, 0.1. என் புரோகிராம் அரியலூர்ப் பெண் முதல், பவித்ரா இரண்டாவது என்றது. நானும் அறிவித்துவிட்டேன்.

பவித்ரா மேஜைக்கு வந்தாள். அழவில்லை. தான் எந்த இடத்தில் அதிகமாகத் தப்புச் செய்தோம் என்று மட்டும் கேட்டாள். திரையைப் பார்த்தேன். இருவருக்கும் 0.6. இரண்டும் சமமா என்று டேட்டாபேஸைக் கேட்டேன். இல்லை என்றது. எத்தனை இலக்கம் உண்டோ அத்தனையும் காட்டச் சொன்னேன். அரியலூர்ப் பெண்ணுக்கு நேர் 0.6, பவித்ராவுக்கு அந்த ஆறுக்குப் பின்னால் சைபராக ஓடி, பதினாறாவது இடத்தில் ஒரு ஒன்று. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் நமக்கு முடிவே வராதில்லையா? கம்ப்யூட்டருக்குப் பத்தில் ஒரு பங்கே அப்படித்தான். ஓரிடத்தில் நறுக்கி வைத்துக்கொள்ளும். கூட்டும் வரிசை மாறினால், அந்த நறுக்கல் மிச்சம் ஒருவர் தலையில் விழும். திரை மட்டும் அழகாகச் சுருக்கி, இருவருக்கும் 0.6 என்று காட்டிக்கொண்டிருந்தது. எட்டரையைக் கலைவாணி ஏன் 85 என்று அடித்தாள் என்று அப்போதுதான் உறைத்தது. முழு எண்ணுக்கு இந்த வில்லங்கமே கிடையாது.

நிமிர்ந்தால், பின்னால் கலைவாணி. அரியலூர்ப் பிள்ளைகளோடு வந்திருந்தவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். வேறு யாருக்கும் எதுவும் தெரியாது. இயந்திரம் சொல்லிவிட்டது என்று நான் வாயை மூடிக்கொண்டால் வேலை எனக்கு. அவளும் மூடிக்கொண்டால் பரிசு அவள் ஊருக்கு. மூடிக்கொள்வாள் என்றுதான் மனதார வேண்டிக்கொண்டேன். அவள் என் காதருகே குனிந்து சொன்னாள்: “ஜெயிச்சிருக்கறது எங்க ஊர்ப் புள்ளைதான். இருந்தாலும் சொல்லிடு சங்கர்.”

மறு சுற்று

நன்றாகக் கூட்டத் தெரிந்தது போதாதென்று நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே என்று அந்த நிமிஷத்தில் அவளை அப்படி வெறுத்தேன். ஆனால் பவித்ரா இன்னும் மேஜைக்கு எதிரில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? மைக்கை வாங்கினேன். இருவரும் சமம்தான், கூட்டியதில் என் தப்பு என்றேன். மண்டபமே சளசளவென்று ஆகிவிட்டது. மாஸ்டர் என்னைப் பார்க்காமல் நடுவர்களிடம் போனார். இருவரும் இன்னொரு ஆசனம் செய்வது என்று முடிவாயிற்று.

இந்தத் தடவை லேப்டாப்பை மூடிவிட்டு ஒரு தாளில் குறித்தேன். அரியலூர்ப் பெண் சிலையாக நின்றாள். பவித்ராவின் இடது கால், கடைசி விநாடிகளில் லேசாக நடுங்கியது. எல்லோரும் பார்த்தோம். ஒரு வெட்டு. மாநிலப் போட்டி போயிற்று.

பையை மாட்டிக்கொண்டு வெளியே போனவளை வழிமறித்து மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னாள்: “மொதல்ல நீங்க தோக்க வச்சீங்க. இப்ப நானேதான் தோத்தேன். இது பரவால்ல சார்.”

அந்த வேலை இப்போது கலைவாணியிடம் இருக்கிறது, நானும் என் மார்க்கையெல்லாம் முழு எண்ணாக்கிவிட்டேன், ஆனாலும் அந்தப் பெண்ணைப் போல எனக்குத் தோற்கத் தெரியாததால், கலைவாணியின் லேப்டாப் ஒரே ஒரு தடவையாவது நின்றுபோகாதா என்று பார்ப்பதற்காக ஒவ்வொரு போட்டிக்கும் முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்துகொள்கிறேன்.