விரல் மறைத்த வரி

பசுமலையில் நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த மென்பொருள் அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. கணினித் திரையைக் கைப்பேசியால் எடுத்த படம். டியூப்லைட் வெளிச்சம் குறுக்கே பட்டை போட, நாலைந்து வரி நிரல் சாய்வாகத் தெரிகிறது. வலப்பக்கத்திலிருந்து ஓர் ஆள்காட்டி விரல் நீண்டு நடுவரி ஒன்றைத் தொட்டுக் காட்டுகிறது. அந்த விரலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அது எங்கள் சீனியருடைய விரல். அலுவலகத்தில் எல்லோருக்குமே அவர் அண்ணன். எந்தச் சிக்கல் என்று போனாலும் அவரிடம் தீர்வு இருக்கும். அதைப் பகிர்கிற விதம்தான் ஆளைக் கொல்லும். எழுத்தாக அனுப்பினால் நகலெடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். அவரோ படமாகத்தான் போடுவார். எதற்கு, எங்கே, எப்போது என்று ஒரு சொல் இருக்காது. விரல் மட்டும் இருக்கும். ஒவ்வோர் அடைப்புக்குறியாக உற்றுப் பார்த்து நாங்கள் தட்டச்சு செய்ய வேண்டும். பிறகு வேண்டுமென்று தேடினாலும் அகப்படாது. கேட்டால், "அதான் அன்னைக்கே போட்டேனேம்மா, மேல தள்ளிப் பாரு" என்பார். மேலே தள்ளினால் பிறந்தநாள் கேக், காதுகுத்து அழைப்பிதழ், யாரோ தொலைத்த ஹெல்மெட் எல்லாம் வரும். நிரல் வராது.

டயாலிசிஸ் மையம் ஒன்றுக்கு நாங்கள் ஒரு மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். எந்த நோயாளிக்கு எந்த நாள், எந்த நேரம், எந்த இயந்திரம் என்கிற பட்டியல் அதில்தான் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அதில் ரத்தான பதிவுகளை மட்டும் நீக்கும் வேலை எனக்கு வந்தது. அண்ணன் அன்று விடுப்பு. இதற்கென அவர் முன்பு போட்ட அந்தப் படத்தைத் தேடி எடுத்து, வரி வரியாகத் தட்டச்சு செய்து ஓட்டினேன். முதலில் சோதனைப் பிரதியில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. 'ரத்தானவை மட்டும்' என்று சொல்லும் கடைசி வரி அவருடைய மடக்கிய விரல்களுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. மொத்தப் பட்டியலும் போய்விட்டது.

ஐந்தாவது நிமிடம் மையத்திலிருந்து நர்ஸ் அழைத்தார். "மேடம், இங்க பதினாறு பேரு உக்காந்திருக்காங்க. ஸ்கிரீன்ல ஒண்ணுமே இல்ல. யார மொதல்ல மெஷின்ல போடணும்னு சொல்லுங்க."

முந்தைய நாளின் பிரதியிலிருந்து எல்லாவற்றையும் மீட்கலாம் என்று எனக்குத் தெரியும். எப்படி என்றுதான் தெரியாது. அதையும் அண்ணன் என்றோ படமாகப் போட்டிருந்தார். குழுவை மேலே தள்ளிக்கொண்டே போனேன். கிடைக்கவில்லை. கடைசியில் அவரையே அழைத்தேன். முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் "வாரேன்" என்று வைத்துவிட்டார். வண்டியூரில் இருக்கும் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் வந்து, யாரிடமும் பேசாமல் உட்கார்ந்து மீட்டுக் கொடுத்தார். அதற்குள் மையத்தில் ஒரு முதியவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்ததாம். பட்டியல் வந்ததும் முதலில் அவரைத்தான் இயந்திரத்தில் போட்டதாகவும், இப்போது பரவாயில்லை என்றும் நர்ஸ் சொன்னார்.

அண்ணன் என் திரையைப் பார்த்துவிட்டு, "கீழ ஒரு வரி இருக்குல்ல, அத விட்டுட்டியேம்மா" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்க கைக்குப் பின்னாடி இருக்கறது எனக்கு எப்படிண்ணே தெரியும்? ரெண்டு வரி எழுதிப் போட்டா என்ன கொறஞ்சா போயிருவீங்க?" என்று கத்திவிட்டேன்.

அவர் மேலாளரின் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு இங்கிலீசுல எழுத வராதும்மா. கோடிங் வரும். அத வெளக்கி எழுதப் போனா தப்புத் தப்பா வரும். காலேஜ்ல நான் எழுதுனத வகுப்புல சத்தமா வாசிச்சுச் சிரிச்சாய்ங்க. அதான், விரல வச்சுக் காட்டிர்றது" என்றார்.

அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர். இது எனக்கு முன்பே தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் கூடியது. "இம்புட்டுத்தானா? குரூப்புல தமிழ் தெரியாதவங்க யாருண்ணே இருக்கா? தமிழ்ல எழுதுங்க" என்றேன்.

அவர் என்னை விழித்துப் பார்த்தார். அவருக்குத் தோன்றாதது இருக்கட்டும், எங்களுக்கு மட்டும் தோன்றியதா? நாள் முழுக்கத் தமிழில் சண்டை போட்டுக்கொண்டு, குழுவில் மட்டும் உடைந்த ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தவர்கள்தானே நாங்கள்.

மறுநாள் காலை குழுவில் அவருடைய குறிப்பு தமிழில், எழுத்தாக வந்தது. கீழே முழு நிரலும் இருந்தது. "ரத்தான பதிவுகளை நீக்க இது. கடைசி வரி இல்லாமல் ஓட்டினால் எல்லாமே போய்விடும். முதலில் சோதனைப் பிரதியில் ஓட்டவும். நேற்று நான் கவனிக்காமல் ஓட்டி, நோயாளிகளைக் காக்க வைத்துவிட்டேன்."

விடுப்பில் இருந்தவர், ஓட்டியது 'நான்' என்று போட்டிருந்தார். மேலாளரும் இருக்கிற குழு அது. முதன்முதலாக எழுதுகிற குறிப்பிலேயே இந்த மனிதர் பொய்யை எழுதுகிறாரே என்று எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. அதன் கீழே, "ஒரு திருத்தம். ஓட்டியது அண்ணன் இல்லை, நான்" என்று தமிழிலேயே எழுதி அனுப்பினேன். பிறகு எழுந்து மேலாளரின் அறையை நோக்கி நடந்தேன்.