பத்தியம் பாஸானாள்

பன்னிரண்டாம் வகுப்பில் சமையல் பாடம் எடுத்தால் சுலபமாகத் தேறிவிடலாம் என்று அவளிடம் சொன்ன புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்கலாம். எட்டு அடுப்பு, பதினாறு பேர், ஒரு டீச்சர். வெங்காயத்தை ஒரே அளவில் நறுக்காவிட்டால் மதிப்பெண் போகும். தொப்பிக்கு வெளியே முடி தெரிந்தால் போகும். ருசி பார்த்த கரண்டியை மறுபடி பாத்திரத்தில் விட்டால் மொத்தமாகப் போகும். இதிலெல்லாம் அவள் கெட்டி. மூன்று வருஷமாக வீட்டில் ராத்திரிச் சமையல் அவள் பொறுப்புதான்.

முதல் செய்முறை வகுப்பில் காய்கறி சூப் வைத்தாள். டீச்சர் ஒரு வாய் குடித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

“ஏம்மா, உப்பு இன்னிக்கு லீவா?”

“போட்டிருக்கேன் மிஸ். சரியாத்தான் இருக்கு.”

பக்கத்து அடுப்புக்காரி ஒரு கரண்டி எடுத்துக் குடித்தாள். “மிஸ், இது பத்தியச் சாப்பாடு!” வகுப்பே சிரித்தது. அன்று ஒட்டிக்கொண்ட பெயர்தான் பத்தியம். அப்புறம் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவள் சொந்தப் பெயர் புழங்கவில்லை.

விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை. அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது. லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனிதர், வீட்டோடு உட்கார்ந்து மூன்று வருஷம். உப்பு ஆகவே ஆகாது என்று டாக்டர் சொன்ன அன்றே அம்மா உப்பு ஜாடியைக் காலி செய்துவிட்டாள். “ஒரு வீட்ல ரெண்டு சமையலா? அவருக்கு இல்லாதது நமக்கும் வேணாம்.” அம்மாவுக்குச் சலவைக் கம்பெனியில் மாலை ஷிப்ட். மகள் சமைத்தாள், ருசி பார்த்தாள், அவள் நாக்கு அதற்கே பழகிவிட்டது. மற்றவர்களுக்கு அளவாக இருந்த சூப், அவளுக்குத் தொண்டையைக் கரித்தது.

தேர்வில் ருசிக்கு இருபது மதிப்பெண். பத்துக்குக் கீழே போனால் பாடமே போச்சு. பாடம் போனால், தேறியவர்களைப் பயிற்சிக்கு எடுக்கும் பெரிய ஓட்டலும் போச்சு. அம்மாவின் முதுகு இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆகவே நாக்கைத் திருத்த முடிவு செய்தாள். உப்புப் பாக்கெட் ஒன்று வாங்கி, திருட்டு நகை மாதிரி துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். அம்மா வேலைக்குக் கிளம்பியதும் சூப் வைப்பாள். அப்பாவின் பங்கைத் தனியாக எடுத்த பிறகே மிச்சத்தில் உப்புப் போடுவாள். குடிக்கிற வரைக்கும் குடித்துவிட்டு, மீதியை மூடி ஃபிரிட்ஜில் வைப்பாள்.

“இது உங்களுக்கு இல்லப்பா. பரீட்சைக்கு.”

“எனக்கெதுக்கும்மா அது?” என்பார் அப்பா.

முதல் வாரம் குமட்டியது. ஒரு மாதத்தில் நாக்கு வழிக்கு வந்தது. “இப்பதான் பத்தியம் முறிஞ்சிருக்கு” என்று டீச்சரே கேலி செய்தார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஃபிரிட்ஜில் வைத்த சூப் தினமும் குறைந்துகொண்டே போனதையும் அவள் கவனித்தாள். அம்மா குடிக்கிறாள் போல என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். கேட்டிருக்கலாம். கேட்டால் உப்புப் பாக்கெட் வெளியே வரும். கேட்கவில்லை.

தேர்வு முடிந்த மூன்றாம் நாள் அப்பாவின் கால் இரண்டும் வீங்கின. மறுநாள் படுக்க முடியாமல் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். “உப்பு சேர்த்துக்கிட்டாரா?” என்று டாக்டர் கேட்டார். “சத்தியமா இல்ல சார், எங்க வீட்ல உப்பே கிடையாது” என்றாள் அம்மா. ஃபிரிட்ஜில் குறைந்த சூப் யார் குடித்ததென்று பக்கத்தில் நின்ற மகளுக்குப் புரிந்துவிட்டது. அப்போதும் வாய் திறக்கவில்லை, பாவி.

மதிப்பெண் வந்த மதியம் வார்டுக்குப் போனாள். அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள்.

“ருசிக்குப் பத்தொம்போதுப்பா.”

“எனக்கு அப்பவே தெரியும்” என்றார் அப்பா. “மத்தியானம் உங்கம்மா அசந்து தூங்கறப்ப, தனியா உக்காந்து உன் சூப்பைத்தானே குடிச்சேன். அமிர்தம்மா அது.”

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படி இருந்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது. “எதுக்குப்பா இப்படிப் பண்ணீங்க? செத்துப் போயிருந்தா?” என்று அழுதாள்.

ஆஸ்பத்திரிச் சாப்பாடு வந்தது. உப்பில்லாத சூப். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நல்லாத்தான் இருக்கும்ப்பா. இருங்க, நான் குடிச்சுக் காட்டறேன்.”

ஒரு கரண்டி வாயில் விட்டாள். உள்ளே இறங்கவில்லை. மூன்று வருஷமாக அப்பாவுக்கு இதைத்தான் தினமும் பரிமாறியிருக்கிறாள். அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாருக்கா?” என்று கேட்டார்.

கஷ்டப்பட்டு விழுங்கினாள். “இல்லப்பா” என்று சொல்லிவிட்டு, வேறு கரண்டி எடுத்து அவர் வாயருகே நீட்டினாள்.