வெட்டிய இடத்தில் மூடிய புத்தகம்

எந்த மேடையில் தம் நாவலை வாசித்தாலும் எழுத்தாளர் பரமலிங்கம் ஒரே இடத்தில்தான் நிறுத்துவார். சூரனின் தங்கை அசமுகி இந்திராணியைப் பிடித்து இழுக்கிறாள். இந்திராணியின் காவலன் வாளை ஓங்குகிறான். வெட்டுண்ட கை மண்ணில் விழுந்து துடிக்கிறது. அவ்வளவுதான். புத்தகத்தைப் பட்டென்று மூடுவார். சபை மூச்சடங்கிக் கிடக்க, செம்பை எடுத்து ஆறுதலாகத் தண்ணீர் குடிப்பார். பழைய புராணத்தைப் புதிதாகச் சொல்பவர் என்ற பேரை அவருக்குத் தேடித் தந்தது அந்த ஒரு நொடிதான்.

பிரமன் அசமுகியின் கையை மீண்டும் வளரச் செய்தான் என்று புராணம் சொல்லும். பரமலிங்கத்தின் நாவலில் அந்தக் கட்டம் இல்லை.

இது நான் கட்டிய கதையன்று. பரமலிங்கத்தின் வலது மணிக்கட்டைச் சுற்றியோடும் தழும்பைத் தொட்டுப் பார்த்தவர்களுள் நானும் ஒருவன். 1986 ஆவணியில், கோப்பாயில் நடந்தது.

கூட்டம் ஒரு கோயில் மடத்தில். பொழுதுபடுமுன் வீடு சேரவேண்டிய போர்க்காலமாதலால் நான்கு மணிக்கே தொடங்கினார்கள். அழைத்தவர் வாசிகசாலைத் தலைவர் முருகேசு. அந்தக் கோயிலில் நெடுங்காலமாகப் புராணத்துக்குப் பொருள் சொல்லிவரும் பொன்னம்பலம் முன்வரிசையில் இருந்தார்.

"தம்பி, கை வெட்டுற கட்டமோ வாசிக்கப் போறியள்?"

"ஓம் ஐயா."

"அப்ப கை முளைக்கிறமட்டும் வாசிச்சுப்போட்டு எழும்புங்கோ. இஞ்சை உந்தக் கட்டத்தை இடையிலை விட்டுப் புத்தகம் மூடுறேல்லை."

"என்ரை கதையிலை கை முளைக்காது, ஐயா."

"முளைக்காட்டி வாசியாதையுங்கோ."

முருகேசு சிரித்தார். "ஐயா விட்டால் சூரனுக்கும் மருந்து கட்டுவார். நீங்கள் வாசியுங்கோ, அண்ணை."

பரமலிங்கம் வாசித்தார். வாள் இறங்கியது. புத்தகத்தை மூடினார்.

தண்ணீர் உப்புக் கரித்தது. உப்போடு இரும்பின் சுவையும் இருந்தது. சவர்க் கிணறாக்கும் என்று எண்ணிக்கொண்டார்.

அப்போதுதான் வாசலோரத்தில் ஒரு பெண்ணைக் கண்டார். வலப்பக்கம் முழுவதையும் முந்தானையால் போர்த்தியிருந்தாள்.

"மிச்சம்?" என்றாள்.

"மிச்சமில்லை, அம்மா."

முந்தானையின் நுனியிலிருந்து ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது...

புறப்படும்போது முருகேசுவிடம் விசாரித்தார்.

"வாசலடியிலை இருந்த பொம்பிளை ஆர்?"

"பொம்பிளையோ? ஆமி முகாமாலை வெளிக்கிடப் போறான் எண்ட கதையிலை ஒருத்தியும் வரேல்லை, அண்ணை. உங்களுக்குப் பசி மயக்கம்."

ஐந்தே முக்கால். வெயில் இன்னும் இறங்கவில்லை. இருபாலைப் பக்கமாகச் சைக்கிளை மிதித்தார். வாழைத் தோட்டங்களுக்கிடையே தெரு வெறிச்சோடிக் கிடந்தது.

சைக்கிள் கனத்தது. குனிந்து டயரைப் பார்த்தார். காற்று இருந்தது.

மிதித்தார். இன்னும் கனத்தது.

டொக்... டொக்... பின்னால் ஏதோ தாரில் சொட்டியது.

இடுப்பை ஒரு கை பற்றியது.

ஒரு கை மட்டும்.

"மிச்சம்?"

சைக்கிள் சரிந்தது. யாரோ அவருடைய தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துத் தெருவோரக் கிணற்றடிக்கு இழுத்தார்கள். முழங்கால் கல்லில் உரசிக் கிழிந்தது. வலக்கை கிணற்றுக் கட்டின்மேல் அழுத்தப்பட்டது. அழுத்திய விரல்கள் ஐந்தும் தோலில் பதிந்தன. கண்ணுக்கோ ஒருவரும் தெரியவில்லை.

தொப்!

மணிக்கட்டு பிளந்தது. இரத்தம் முகத்தில் தெறித்தது.

தொப்!

எலும்பு நொறுங்கும் ஒலி... தம்முடைய எலும்பு.

அவளுக்கு இருப்பது ஒரு கை. அது அவரை அழுத்திப் பிடித்திருக்கிறது.

அப்படியானால், வெட்டுவது யார்?

"வாசிக்கிறன்! மிச்சத்தை வாசிக்கிறன்!"

பிடி விட்டது.

தொங்கிய கையைச் சால்வையால் இறுகக் கட்டிக்கொண்டு மடத்துக்கு ஓடினார். பொன்னம்பலம் தனியே இருந்தார். இரத்தத்தைக் கண்டதும் எழுந்து கதவைத் தாழிட்டார்.

"சொல்லும்" என்றார்.

நாவலில் இல்லாததைப் பரமலிங்கம் வாயால் சொன்னார். பிரமன் வந்தான். எலும்பு நீண்டது. அதன்மேல் தசை படர்ந்தது. பெருவிரல் முளைத்தது...

வெளியே கதவை ஒரு நகம் கீறியது. சர்ர்...

சுட்டுவிரல்... சர்ர்...

நடுவிரல்...

மோதிரவிரல்...

சின்னவிரலையும் சொல்லி முடித்தார். இரத்தம் நின்றது.

கதவு தட்டப்பட்டது.

இரண்டு கைகளால்.

பரமலிங்கத்தின் கை தப்பியது. கூரிய கத்தி வெட்டு என்று வைத்தியர் எழுதினார். ஆஸ்பத்திரியில் அவர் படுக்கையருகே முருகேசுவின் தாய் பத்மாவதி ஒரு விஷயம் சொன்னார்.

"உந்த மடத்துக்குப் பக்கத்துக் காணி செல்வநாயகியின்ரை. கனகாலத்துக்கு முந்தி வேலிச் சண்டையிலை தமையன்காரன் அவளின்ரை வலக்கையை வெட்டிப்போட்டான். அண்டைக்கு மடத்திலை புராணம். இதே கட்டந்தான் போகுது. ரத்தத்தோடை ஓடிவந்தவள். உரைகாரர் புத்தகத்தை மூடினார். கோயில் இடம் தீட்டுப்பட்டுப் போகுமெண்டு கதவையும் மூடினார். விடியுமட்டும் தட்டிக்கொண்டு கிடந்தவள், தம்பி. விடிய, பிரேதம்."

"தமையன்?"

"அந்தக் கத்தியோடையே இருபாலைத் தெருக் கிணத்திலை குதிச்சவன். அவனைத்தான் எடுத்தது. கத்தி இண்டைவரைக்கும் கிடைக்கேல்லை."

அன்று பின்னேரம் பொன்னம்பலம் மடத்துக் கதவை இரும்புப் பிணைச்சலோடு கழற்றினார். உதவ வந்தவர்களை விலக்கினார். தம் தோளில் சுமந்துபோய் அடுப்படியில் போட்டுக் கோடரியால் கொத்தினார். வாசற்படியைத் தம் கையால் தேய்த்துக் கழுவினார். உள்ளே, சுவாமி படத்துக்கு மிக அண்மையில், தமக்கென்று வைத்திருந்த பாயை விரித்தார்.

பிறகு வெறும் வாசலைப் பார்த்துக் கைகூப்பினார்.

"உள்ளுக்கை வா, பிள்ளை. நான் அண்டைக்குத் திறந்திருக்க வேணும்."

பாயின் ஓரம் மெல்ல அமுங்கியது...

பொன்னம்பலம் புத்தகத்தை விரித்தார். அவள் ஓடிவந்த அன்று நிறுத்திய பாட்டுக்கு அடுத்த பாட்டிலிருந்து, குரல் உடைய உடைய, பொருள் சொல்லத் தொடங்கினார்.